உஷ்ணத்துக்கு ஒருவழிப் பாதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலிருந்து இறங்கி வரும் வெனாச்சி என்னும் சிற்றாறு, கனடாவிலிருந்து பெருகி வரும் கொலம்பியா மகாநதியோடு சங்கமமாகும் இடத்தில், அதே வெனாச்சி என்ற பெயரோடு ஓர் ஊர் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் மலையின் மறுபக்கத்திலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிடுவதால் ஏறத்தாழப் பாலைவனம் என்றே சொல்லத்தக்க இந்தப் பள்ளத்தாக்கு, நதியின் தயவினால் ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த பூமியாயிற்று. அந்த நதியின் குறுக்கே 1933-இல் ராக் ஐலண்ட் அணையும், 1961-இல் ராக்கி ரீச் அணையும், 1967-இல் வெல்ஸ் அணையும் இயங்கத் தொடங்கிய பின், அமெரிக்காவிலேயே மிக மலிவாக மின்சாரம் கிடைக்கும் இடங்களில் ஒன்றாகவும் ஆயிற்று. அந்த மின்சாரத்தை நாடி 1952-இல் ஓர் அலுமினிய ஆலை அங்கே வந்தது; 2015-ஆம் ஆண்டின் முடிவில் அது உற்பத்தியை நிறுத்திற்று. அதற்குள்ளாகவே, அதே மின்சாரத்தை நாடி வேறொரு தொழில் அங்கே குடியேறிவிட்டது. பிட்காயின் மைனிங் என்று உலகம் முழுவதும் அழைக்கப்படும் தொழில் அது.

யூனிட்டுக்கு இரண்டு முதல் நான்கு சென்ட் என்ற விலையில் மின்சாரம் கிடைக்கிறது என்ற செய்தி பரவியதும், பெரிய கம்பெனிகள் பெரிய கட்டடங்களை எழுப்பின. சிறு முதலீட்டாளர்களோ வீட்டுப் பின்புறத்துப் பட்டறைகளிலும், கார்க் கொட்டகைகளிலும், காலியான கிடங்குகளிலும் இயந்திரங்களை அடுக்கினார்கள். 2018 மார்ச் மாதத்தில் வெனாச்சி அடங்கிய ஷெலான் மாவட்டத்தின் பொது மின்சார நிர்வாகம் புதிய விண்ணப்பங்களை எல்லாம் நிறுத்தி வைக்க நேர்ந்ததற்கு, வீட்டு உபயோகத்துக்கென்று போடப்பட்ட மின் இணைப்புகளில் இவ்வியந்திரங்களை ஓயாது ஓட்டுவதால் கம்பிகளும் சாதனங்களும் சூடேறி அபாயம் விளையும் என்ற அச்சமும் ஒரு காரணமாக இருந்தது. பெரிய கம்பெனிகளுக்குப் பொறியாளர்கள் உண்டு. பட்டறைக்காரருக்கு அவரேதான் பொறியாளர். ஆகவே அவருடைய பட்டறையை எடுத்துக்கொண்டு இந்த உஷ்ண விஷயத்தை ஆராய்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

முதலில் இயந்திரத்தின் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தின் கணக்குப் புத்தகத்தில், ஏறத்தாழப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு புதிய ஏடு சேர்க்கப்படுகிறது. அந்த ஏட்டைச் சேர்க்கும் உரிமையும் அதற்குரிய வெகுமதியும், ஒரு குறிப்பிட்ட நிபந்தனைக்கு இணங்கும் எண்ணை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்குப் போய்ச் சேரும். அந்த எண்ணைச் சாமர்த்தியத்தால் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ என்ற இயந்திரம், 40 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 29 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சிறு பெட்டிதான் என்றாலும், ஒரு விநாடியில் 110 லட்சம் கோடி எண்களைப் போட்டுப் பார்க்கிறது. அதற்காக 3,250 வாட் மின்சாரத்தை இரவு பகலாக உட்கொள்கிறது. நம் வீட்டுக் குளியலறையில் கால்மணி நேரம் ஓடிவிட்டு நிற்கும் கீசர், வருஷம் முழுவதும் நிற்காமலே ஓடிக்கொண்டிருந்தால் எப்படியோ அப்படி.

உட்கொண்ட மின்சாரத்தில் எவ்வளவு உஷ்ணமாகிறது என்று கேட்டால், முழுவதும் என்பதே விடை. இதை நம்பப் பலர் தயங்குவார்கள். இவ்வளவு பெரிய வேலையைச் செய்த பிறகும் சக்தி முழுவதும் அப்படியே உஷ்ணமாக வெளிவருமா என்று அவர்களுக்குத் தோன்றும். ஆனால் பௌதிக சாஸ்திரத்தின் நோக்கில் அந்த இயந்திரம் எந்த வேலையையும் செய்யவில்லை. அது பாரத்தை உயரத் தூக்கி வைக்கவில்லை. எதையும் அழுத்திச் சேமித்து வைக்கவில்லை. ரசாயன மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. அந்த வெனாச்சிப் பள்ளத்தாக்கின் பழைய அலுமினிய ஆலையில்கூட, உட்சென்ற மின்சக்தியில் கணிசமான பங்கு பிராணவாயுவிலிருந்து பிரிக்கப்பட்ட உலோகத்துக்குள் தங்கி, உலோகத்தோடு ஊரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. இங்கேயோ, வெளியே போகும் சரக்கு தந்திக் கம்பியில் செல்லும் சில எழுத்துகளே. அவற்றோடு செல்லும் சக்தி கணக்கில் சேர்க்கவும் தகுதியற்றது. விசிறி எழுப்பும் ஓசையும், அது தள்ளும் காற்றின் வேகமும்கூடச் சுவரிலும் மூலையிலும் உராய்ந்து கடைசியில் உஷ்ணமாகவே முடிகின்றன. 1961-இல் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ரோல்ஃப் லாண்டாவர் என்ற விஞ்ஞானி, ஒரு நினைவுத் துணுக்கை அழிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு குறைந்தபட்ச உஷ்ணம் வெளிப்பட்டே தீர வேண்டும் என்ற நியதியை நிறுவினார். இன்றைய கணிப்பொறிச் சில்லுகள் அந்தக் குறைந்தபட்சத்தைப் போலப் பல மடங்கு செலவழிக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் எவ்வளவு முன்னேறினாலும் கணக்கிடுதலையும் உஷ்ணத்தையும் அடியோடு பிரித்துவிட முடியாது என்பதே அந்த நியதியின் சாரம்.

இனி நம் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். இருபதுக்கு முப்பது அடி, உயரம் பத்து அடி. மொத்தம் 6,000 கன அடி, அதாவது 170 கன மீட்டர் காற்று. அதில் பத்து இயந்திரங்கள். 32,500 வாட் உஷ்ணம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்குவதற்கு ஏறத்தாழ 1,200 ஜூல் சக்தி போதும் என்பதால், கதவு ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, சுவரும் தரையும் உறிஞ்சும் பங்கைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால், அறைக்காற்று ஆறு விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். இதமான 20 டிகிரியில் தொடங்கியது நான்கே நிமிஷத்தில் 60 டிகிரியைத் தொட்டுவிடும். காற்றோட்டம் இங்கே சௌகரியத்துக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடன்று என்பதை இந்த ஒரு கணக்கே தெரிவித்துவிடுகிறது.

ஏ.சி. போட்டுவிடலாமே என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். கடைக்காரர்கள் சொல்லும் ‘ஒரு டன்’ என்ற அளவு, பனிக்கட்டி வியாபாரம் நடந்த பழங்காலத்திலிருந்து வந்தது. 2,000 பவுண்டு எடையுள்ள ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் கரைவதற்கு எவ்வளவு உஷ்ணத்தை உறிஞ்சுமோ அந்த வேகம், சுமார் 3,500 வாட். ஆகவே நம் பெட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு டன் ஏ.சி. வேண்டும், பத்துக்கு ஒன்பது டன்னுக்கு மேல் வேண்டும், அதை ஓட்டுவதற்கு, உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவாவது, அதாவது பத்துப் பதினோரு கிலோவாட் மின்சாரத்தை மேலும் செலவழிக்க வேண்டும். இயந்திரமோ குளிர்ச்சியை வேண்டி நிற்கவில்லை. மனிதனுக்குப் புழுக்கமாகத் தோன்றும் 30 டிகிரிக் காற்றிலும் அது தடையின்றி ஓடும். உள்வாங்கும் காற்று 40 டிகிரியை ஒட்டி ஏறும்போதுதான் ஆபத்து நெருங்குகிறது. சில்லுகளின் உஷ்ணநிலையோ அதைவிடப் பல பத்து டிகிரி உயர்ந்தது. ஆகையால் அந்த எல்லைக்குள் வெளிக்காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும் அது சில்லின் உஷ்ணத்தை ஏற்றுக்கொண்டு போகத் தகுதியுடையதே. குளிர்ச்சியை உண்டாக்கச் செலவழிக்கும் பணத்தை, உஷ்ணம் தடங்கலின்றி வெளியேறுவதற்கு வழி செய்வதில் செலவழிப்பதே விவேகம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்த வழியின் அளவு என்ன? இயந்திரத்துக்குள் நுழைந்து வெளிவரும் காற்று 15 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொண்டால், ஒரு பெட்டிக்கு நிமிஷத்துக்குப் பதினொரு கன மீட்டர் காற்று, அதாவது 380 கன அடி வேண்டும். பத்துப் பெட்டிகளுக்கு 3,800 கன அடி. ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை பட்டறையின் காற்று முழுவதும் மாறியாக வேண்டும் என்பது இதன் பொருள். சூடேறும் அளவு 10 டிகிரிக்குள் அடங்க வேண்டுமானால் ஒவ்வொரு நிமிஷமும் மாற வேண்டும். வீட்டுச் சமையலறையில் புகை போக்கும் சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மாட்டிவிட்டு, கதவைச் சற்றே திறந்து வைத்துக் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் எங்கே தவறுகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

ஆனால் காற்றின் அளவு சரியாக இருந்தும் இயந்திரங்கள் கொதித்துக்கொண்டிருக்கும் பட்டறைகள் ஏராளம். பட்டறைக்காரர் விசிறிக்குமேல் விசிறியாக வாங்கி மாட்டுவார், பலன் இராது. காரணம், இயந்திரத்தின் பின்புறமாக வெளிப்பட்ட சூடான காற்று, வெளியே போவதற்குப் பதிலாக, மேலாகவும் பக்கவாட்டிலும் சுற்றிக்கொண்டு மறுபடி அதே இயந்திரத்தின் முன்வாயிலுக்கு வந்து சேர்ந்துவிடுவதுதான். இயந்திரத்தின் விசிறிக்குக் காற்றின் பூர்வோத்தரம் தெரியாது. கிட்டத்தில் எது கிடைக்கிறதோ அதை இழுக்கும். 45 டிகிரியில் வெளியேறிய காற்றில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்து 25 டிகிரி வெளிக்காற்றோடு கலந்தால், முன்வாயில் உஷ்ணநிலை 30 டிகிரியைத் தாண்டும். அதனால் பின்வாயில் உஷ்ணநிலையும் ஏறும். ஏறியது மறுபடி கலக்கும். அறையின் நடுவில் நின்று சுழலும் மேசை விசிறிகளும் கூரை விசிறிகளும் இந்தக் கலப்படத்தை விரைவுபடுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. மனித உடலுக்கு அந்த வீச்சு இதம் தருவது வியர்வை உலர்வதால். பெட்டிக்கு வியர்வை கிடையாது.

இதற்குப் பரிகாரம் ஒன்றே. அறையைக் குறுக்கே ஒரு தடுப்பால் இரண்டாக வகுத்து, தடுப்பில் இயந்திரங்களின் அளவுக்குச் சரியாகத் துவாரங்கள் வெட்டி, அவற்றில் இயந்திரங்களைப் பொருத்திவிட வேண்டும். முன்பகுதி குளிர்ந்த காற்றின் அறை. பின்பகுதி சூடான காற்றின் அறை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் காற்றுக்கு இயந்திரத்தின் வயிற்றைத் தவிர வேறு மார்க்கம் இருக்கலாகாது. பெரிய தரவு மையங்கள் பல வருஷங்களாகக் கைக்கொண்டுவரும் இந்த ஏற்பாட்டைப் பட்டறையில் செய்வதற்குச் சில பலகைகளும் ஒரு நாள் உழைப்புமே தேவை. பலகைக்கு ஒட்டுப்பலகையைவிட எளிதில் தீப்பற்றாத ஜிப்சம் பலகை உசிதம். இயந்திரத்தின் விளிம்புக்கும் துவாரத்தின் விளிம்புக்கும் இடையே விரற்கடை இடைவெளி இருந்தாலும் அதை அடைத்தாக வேண்டும். ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கழற்றி எடுத்தால், அந்தத் துவாரத்தை உடனே மூடி போட்டு மூட வேண்டும். இந்தச் சிறிய ஒழுங்கை அசட்டை செய்தவர்களே பின்னால் பெரிய விசிறிகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

தடுப்பு அமைந்த பிறகு அழுத்தத்தின் விஷயம் வருகிறது. இயந்திரங்களின் சொந்த விசிறிகள் சேர்ந்து பின்னறைக்குள் எவ்வளவு காற்றைத் தள்ளுகின்றனவோ, அதற்குச் சற்று அதிகமாகவே சுவர் விசிறிகள் வெளியே இழுக்க வேண்டும். அவ்விதம் இழுத்தால் பின்னறையில் அழுத்தம் முன்னறையைவிடச் சிறிது குறைந்து நிற்கும். எங்கேனும் ஒரு கசிவு இருந்தாலும் குளிர்ந்த காற்றுதான் பின்னே கசியும். சுவர் விசிறி பலம் குறைந்ததாக இருந்தால், பின்னறையில் காற்று தேங்கி, ஒவ்வொரு கசிவு வழியாகவும் உஷ்ணம் முன்னறைக்குத் திரும்பும். கருவி ஒன்றும் இல்லாமலே இதைச் சோதிக்கலாம்: மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைத் தடுப்பின் ஒரு சிறு இடைவெளியில் பிடித்தால், அது எந்தப் பக்கம் வளைகிறதோ அதுவே காற்றின் திசை. விசிறி வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கன அடிக் கணக்கு, எதிரே எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில் அளந்தது. வலையும் சாய்ந்த தகடுகளும் குழாய்களும் குறுக்கே நின்றால் அந்த அளவு வேகமாகக் குறையும். அச்சிட்ட எண்ணில் முக்கால் பங்கையே நம்பிக் கணக்கிடுவது எனக்குச் சம்மதமான வழி.

வெளியேற்றுவதில் காட்டும் கவனத்தில் பாதியையாவது உள்வரும் வாயிலில் காட்டுகிறவர்கள் அபூர்வம். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று உள்ளே வந்தே தீர வேண்டும் என்பதை மறந்து, பெரிய விசிறிகளுக்கு எதிரே ஒரு சிறிய ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். காற்று விநாடிக்கு இரண்டரை மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் நுழைய வேண்டுமானால், நம் பட்டறைக்கு முக்கால் சதுர மீட்டர் தடையற்ற திறப்பு வேண்டும். வலையும் தகடுகளும் பாதியை அடைத்துக்கொள்வதால், சுவரில் வெட்ட வேண்டியது ஒன்றரைச் சதுர மீட்டர். அதைப் பாதியாகக் குறைத்தால் காற்றின் வேகம் இரட்டிக்கும். அதை இழுப்பதற்குரிய தடையோ நான்கு மடங்காகும். விசிறியின் கணக்கும் இதேபோலக் கடுமையானது: சுழற்சி வேகம் ஏறும் விகிதத்தில் காற்று ஏறும், ஆனால் செலவாகும் மின்சக்தி அந்த விகிதத்தின் முப்படியாக ஏறும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் மின்செலவு பாதியாகிவிடும். ஆகவே ஒரு சிறிய விசிறியை வெறிகொண்டு ஓட்டுவதைவிடப் பெரிய விசிறியை நிதானமாக ஓட்டுவது எல்லா விதத்திலும் லாபம், ஓசையும் குறையும். உள்வாயில் நிழல் விழும் சுவரில் தாழ்வாகவும், வெளிவாயில் எதிர்ச் சுவரில் உயரமாகவும் அமைய வேண்டும். இரண்டு மீட்டர் உயர வித்தியாசமும் 20 டிகிரி உஷ்ண வித்தியாசமும் சேர்ந்து ஒன்றரைப் பாஸ்கல் அழுத்தத்தையே தரும். அற்பமான எண்தான், எனினும் அந்த ஒன்றரைச் சதுர மீட்டர் வாயிலில் காற்றை நுழைக்க வேண்டிய அழுத்தத்தில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதால், காசில்லாமல் கிடைக்கும் அந்த உதவியைத் தள்ள வேண்டியதில்லை.

உஷ்ணத்துக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய மின் வாயில்கள் மூடியிருக்கும்போதும் சிறிது மின்சாரத்தைக் கசியவிடுகின்றன. உஷ்ணநிலை ஏற ஏற அந்தக் கசிவு பெருகும். பெருகிய கசிவு மேலும் உஷ்ணத்தை உண்டாக்கும். தயாரிப்பாளர்கள் 3,250 வாட் என்று குறிப்பிடும்போது ‘25 டிகிரிக் காற்றில்’ என்று நிபந்தனை சேர்ப்பது இதனால்தான். வெயில் காலத்தில் அதே வேலைக்கு அதிக மின்சாரம் பிடிக்கும். மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியில் உள்ள திரவம் நிறைந்த கெப்பாசிட்டர்களின் ஆயுள், 10 டிகிரி ஏறுமானால் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் நெடுங்காலமாகக் கையாளும் வாய்பாடு. பத்து டிகிரியைக் குறைக்கும் ஒரு பலகைத் தடுப்பு, அந்த உறுப்பின் ஆயுளை இரட்டிப்பாக்கும் தடுப்பு என்று கொள்ளலாம்.

வெனாச்சியில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் 38 டிகிரியையும் எட்டும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் கோடைக்காற்று மிக வறண்டது. அந்த வறட்சியே பட்டறைக்காரருக்குக் கிடைத்த பாக்கியம். நீர் ஆவியாகும்போது கிலோவுக்கு 24 லட்சம் ஜூலுக்கு மேற்பட்ட உஷ்ணத்தைக் காற்றிடமிருந்து பறித்துக்கொள்கிறது. உள்வாயிலில், தேன்கூட்டு அமைப்புடைய காகித அட்டைகளை நிறுத்தி, மேலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும்படி செய்தால், 38 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் உடைய காற்று அதனூடே வரும்போது 25 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். நம் பட்டறைக்கு இதற்கு மணிக்குச் சுமார் 40 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும், ஏ.சி. கேட்கும் பதினோரு கிலோவாட்டோடு ஒப்பிட்டால், ஒரு சிறு பம்ப் ஓடும் மின்சாரமே இதற்குச் செலவு. ஈரம் நிறைந்த கடற்கரை ஊர்களில் இந்த உபாயம் பலிக்காது. அங்கே காற்று ஏற்கெனவே நிறைந்திருப்பதால் நீரை ஏற்றுக்கொள்ளாது. அட்டைக்குப் பதிலாக நுண்துளி தெளிக்கும் குழாய்களை இயந்திரத்துக்கு நேரே வைப்பதை மட்டும் வன்மையாகத் தடுக்க விரும்புகிறேன். துளி உலர்ந்தபின் அதிலிருந்த உப்புகள் மின்பலகையின்மேல் படிந்து அரிப்பை உண்டாக்கும்.

காற்றை இவ்வளவு இழுக்கும்போது காற்றில் உள்ளவை எல்லாம் கூடவே வரும். தோட்டத்து மண் தூசியும், மகரந்தமும் ஒருபுறமிருக்க, நதியோரத்துக் காட்டன்வுட் மரங்கள் மே, ஜூன் மாதங்களில் பறக்கவிடும் வெண்பஞ்சு உள்வாயில் வலையில் கம்பளிபோலப் படிந்து, காற்றை மெல்ல மெல்லத் திணறடிக்கும். ஆகஸ்டில் காட்டுத்தீயின் புகை பள்ளத்தாக்கை நிரப்பும் வருஷங்கள் உண்டு. வடிகட்டிகள் அவசியம், ஆனால் வடிகட்டி ஒவ்வொன்றும் ஒரு தடை என்பதால் அதன் பரப்பு தாராளமாக இருக்க வேண்டும், மடிப்பு மடிப்பாக அமைந்தவை அதனாலேயே மேலானவை.

மின்கம்பிகளைப் பற்றியும் ஓசையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். 240 வோல்ட்டில் ஒரு பெட்டி பதிமூன்றரை ஆம்பியர் இழுக்கும், பத்துக்கு 135. ஓயாத சுமையாகையால், அமெரிக்க மின்விதிகளின்படி அதற்கு மேல் கால் பங்கு கூட்டியே கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பிகளின் தாங்கும் சக்தியைக் குறிக்கும் பட்டியல்கள் சுற்றுப்புறம் 30 டிகிரி என்று எண்ணிப் போடப்பட்டவை. 50 டிகிரி சூடுள்ள பின்னறை வழியே கம்பியை ஓடவிட்டால் அந்தச் சக்தி குறைந்துவிடும். கம்பிகளுக்கு முன்னறையே உரிய இடம். ஓசையோ பெட்டி ஒன்றுக்கு 75 டெசிபல். ஒரே அளவான பத்து ஓசைகள் கூடினால் பத்து டெசிபல் ஏறும் என்பதால் 85 ஆகிறது. எட்டு மணி நேரம் கேட்டால் செவிக்குத் தீங்கு தொடங்கும் எல்லை அது. காதடைப்பான் இல்லாமல் அங்கே வேலை செய்யலாகாது.

காற்றையே விலக்கிவிட்டு, மின்சாரம் கடத்தாத எண்ணெயில் இயந்திரத்தை முழுவதுமாக அமிழ்த்திவிடும் முறையும் பரவிவருகிறது. இது புதிய யோசனையன்று. 1985-இல் வெளிவந்த க்ரே-2 என்ற மாபெரும் கணிப்பொறி ஃப்ளூரினெர்ட் என்னும் திரவத்தில் மூழ்கியே இயங்கிற்று. திரவங்கள் ஒரே கன அளவில் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உஷ்ணத்தை ஏந்தக்கூடியவை. நீரானால் மூவாயிரத்தைந்நூறு மடங்கு. விசிறியில்லை, தூசியில்லை, ஓசையில்லை. கொதித்து ஆவியாகி உஷ்ணத்தை ஏந்திச் செல்லும் விசேஷத் திரவங்களைத் தயாரித்துவந்த த்ரீ-எம் கம்பெனி, அழியாது சூழலில் தங்கிவிடும் அவ்வகை ரசாயனங்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் கைவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்ததால், கொதிக்காத எண்ணெய்களே இப்போது சிறியோருக்கு எட்டும் வழி. ஆயினும் தொட்டியும் எண்ணெயும் பம்பும் வெளியே நிற்கும் ரேடியேட்டரும் சேர்ந்து ஆகும் செலவைப் பார்த்தால், பத்துப் பெட்டிப் பட்டறைக்குத் தடுப்பும் விசிறியுமே போதும் என்று தோன்றுகிறது.

குளிர்காலம் வந்ததும் பிரச்சினை தலைகீழாகிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரி இருக்கும்போது அந்தக் காற்றை நேரே இழுத்தால், தூவும் பனியும் கூட வரும். நின்றுபோன இயந்திரம் அந்தக் குளிரில் மறுபடி கிளம்ப மறுக்கவும் கூடும். எனவே பின்னறையிலிருந்து முன்னறைக்கு ஒரு கதவுத் தகட்டை வைத்து, கோடையில் எந்தக் கலப்படத்தை விரோதியாகக் கருதினோமோ அதையே இப்போது அளவறிந்து அனுமதிக்க வேண்டும். பின்னறைக் காற்று 35 டிகிரி, வெளிக்காற்று கழித்தல் 10 என்றால், பாதிக்குச் சற்று அதிகமாகப் பின்னறைக் காற்றைக் கலந்தால் முன்வாயிலில் 15 டிகிரி நிலைக்கும். மீதி உஷ்ணம் வெளியே போக வேண்டியதுதானா? நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க் நகரம், 2018 மார்ச்சில் புதிய மைனிங் நிலையங்களை நிறுத்தி வைத்து, பிறகு விதிகள் வகுத்து அனுமதித்தபோது, குளிர் மிகுந்த நாட்களில் உஷ்ணத்தின் பெரும்பகுதியை வெட்டவெளியில் விட்டுவிடலாகாது என்பதையும் ஒரு விதியாக்கிற்று. அந்த நகரசபை செய்தது முற்றிலும் நியாயம் என்பது என் கருத்து. நெதர்லாந்தில் மைனிங் இயந்திரங்களின் உஷ்ணத்தால் கண்ணாடி வீட்டில் துலிப் மலர்களை வளர்க்கிறார்கள். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு பொதுக் குளியல் நிலையம் தன் குளங்களை அதைக்கொண்டு சூடாக்குகிறது.

மின்சார ஹீட்டரால் வீட்டைச் சூடாக்கும் குடும்பத்துக்கு, ஒரு யூனிட் மின்சாரம் ஹீட்டரில் தரும் உஷ்ணமும் இந்தப் பெட்டியில் தரும் உஷ்ணமும் அணுவளவும் வித்தியாசமில்லாதவை. ஆகவே அங்கே பட்டறையின் உஷ்ணத்தை ஒரு குழாய் மூலம் கொண்டுபோய் விடுவது நிச்சயமான லாபம். வெளிக்காற்றிலிருந்து உஷ்ணத்தைத் திரட்டித் தரும் ஹீட் பம்ப் உள்ள வீட்டிலோ கதை வேறு. அது ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு உஷ்ணம் தரும் என்பதால், உஷ்ணத்துக்காகவென்றே மைனிங் இயந்திரம் வாங்குவது கணக்குக்கு ஒவ்வாது. முப்பத்தைந்து டிகிரிக் காற்று தூரப் பிரயாணத்துக்கும் ஏற்றதன்று. நீண்ட குழாயைத் தாண்டுவதற்குள் ஒரு பகுதி கரைந்துவிடும். பட்டறையை ஒட்டியே இருக்கும் நாற்றங்கால் கொட்டகைக்கும், மரம் உலர்த்தும் அறைக்கும் அது தகும். அதைவிட உயர்ந்த சூடு தேவைப்பட்டால், கழித்தல் பத்து டிகிரி வெளிக்காற்றிலிருந்து தொடங்கும் ஹீட் பம்பை, பட்டறையின் 35 டிகிரிப் பின்னறைக் காற்றிலிருந்து தொடங்கவிடலாம். ஏற வேண்டிய உயரம் 45 டிகிரி குறைந்துவிடுவதால், குளியலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் வேண்டிய 60 டிகிரி வெந்நீர் அதனால் குறைந்த மின்சாரத்தில் கிடைத்துவிடும்.